பதினான்கு மாதக் குழந்தை

மெற்றில்டாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வயது எழுபத்தொன்பது, முழங்கால் இரண்டும் சொல்வழி கேளாதவை. ஆனாலும் லண்டனின் மோர்டனிலிருந்து கியூ ஆவணக் காப்பகம் வரை மருமகன் ஜெராட்டை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

விசயம் அப்படி. முப்பது வருடங்களுக்கு முன், சாகக் கிடந்த தாய் முதல் தடவையாகத் தகப்பனின் பெயரைச் சொன்னார். வோல்டர் பிரென்ட். யுத்தகாலத்தில் காங்கேசன்துறையில் நின்ற ஆங்கிலேயக் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி பிடித்தவர். "சாகிற நேரத்திலயும் பொய் சொல்லாதேங்கோ அம்மா" என்று மெற்றில்டா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றே தாய் போய்விட்டார். அந்த வார்த்தை அன்றிலிருந்து மெற்றில்டாவின் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. தாய் சொன்னது மெய்யா பொய்யா என்று தெரியாமல் கண்மூட அவருக்கு மனமில்லை.

விமானப் படைப்பிரிவின் பழைய நாட்குறிப்பை ஜெராட் பக்கம் பக்கமாகப் புரட்டினான்.

"மாமி! இஞ்ச பாருங்கோ! சார்ஜன்ட் பிரென்ட், டபிள்யூ. வால் பக்கத் துப்பாக்கி. காங்கேசன்துறை, நாப்பத்தைஞ்சு ஜூன்!"

மெற்றில்டா அவன் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டுமே! அப்படி ஒரு மனிதன் இருந்திருக்கிறான்.

இன்னும் சில பக்கம் தள்ளி ஜெராட் நின்றுவிட்டான். "நாப்பத்தாறு ஜனவரியில ஆள் கப்பலேறிட்டார், மாமி. நீங்கள் பிறந்தது நாப்பத்தேழு மார்ச்." விரல்விட்டு எண்ணினான். "பதினாலு மாசம்."

"நான் என்ன ஆனைக்குட்டியே?" என்று சிரிக்கப் பார்த்தார் மெற்றில்டா. அப்படியென்றால் தாய் சொன்னது பொய்தான்.

கீழே தேநீர்க் கடையில் ஜெராட் மெல்லக் கேட்டான்: "உங்கட பிறந்த திகதி சரிதானே?"

"பாஸ்போட்டில கிடக்கே."

"பாஸ்போட்டை ஆர் கேட்டது? உண்மையான திகதி. எனக்கே ரெண்டு கிடக்கு."

மெற்றில்டா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ கடவுளே! கொன்வென்ற்றில சேர்க்கேக்க வயசு கூடிப்போச்செண்டு மதர் ஒரு வருசத்தைக் குறைச்சுப் போட்டவ!" எழுபது வருடங்களாக அந்தத் திகதியிலேயே கேக் வெட்டி, கடைசியில் அதையே நம்பியும்விட்டார். நம்மவரில் பாதிப் பேரின் கதை இதுதான்.

ஜெராட் ஊர்க் கோயில் சுவாமியாருக்குப் போன் எடுத்தான். நல்ல மனுசன், அரை மணித்தியாலத்தில் ஞானஸ்நானப் புத்தகத்தின் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பிவிட்டார். பிறந்தது 1946 மார்ச், ஞானஸ்நானமும் அதே மாதம். ஜெராட் துள்ளியதில் தேநீர் மேசையெல்லாம் கொட்டியது.

மெற்றில்டா படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார். தாயின் பெயருக்கு மேலே, தகப்பன் பெயருக்கான இடத்தில், அந்தக் காலத்துச் சுவாமியார் மையால் எழுதியிருந்தார்: வோல்டர் பிரென்ட், விமானப்படை.

"சாகேக்க சோடிச்ச கதையில்லையடா," என்றார் மெற்றில்டா. கண்ணீர் கன்னத்தில் வழிய வாய் சிரித்தது. "நான் பிறந்த மாசமே அம்மா, கலியாணம் கட்டாத பிள்ளை, கோயிலுக்குப் போய் நிமிர்ந்து நிண்டு சொல்லியிருக்கிறா. நான்தான் கேக்கேல்லை."