வலி உண்டா

சட்டைப் பையில் ஒன்றும் இல்லை. புஷ்பபாய் கால்சட்டையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். இரண்டு கிராம்பும் ஒரு டியூப் வால்வு மூடியும் கட்டிலில் விழுந்தன. ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் பார்த்தாயிற்று, டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாயிற்று, பாத்ரூம் ஜன்னலில் கைவிட்டுத் துழாவியதில் எட்டுக்காலி வலைதான் விரலில் ஒட்டியது. ஒரு பீடி கிடைத்தால் போதும். பாதி எரிந்த துண்டாக இருந்தாலும் போதும். படுபாவி மனுஷா, என்னை ஏமாற்றிவிட்டுத்தானே போனாய் என்று வாய்விட்டு ஏசிவிடலாம். ஏசினால் அழுகையும் வரும். நேற்று சாயங்காலத்திலிருந்து அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

"அம்மா, என்னத்தத்தான் தேடுத? அப்பாவ நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில இருந்து எடுத்தாச்சாம். மொகத்தக் கழுவிட்டு வா," என்றாள் மகள் ஜீனா, கதவோரம் நின்று.

"நீ போ. வாறேன்."

அமரவிளை ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்த சத்தியராஜ், நேற்று மூன்று மணிக்குக் கடையிலேயே சாய்ந்து, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்ச் சேர்ந்தார். வயது ஐம்பத்தெட்டு. அதில் நாற்பது வருஷம் பீடி.

கல்யாணமான புதிதில் அவர் பக்கத்தில் வந்தாலே புஷ்பபாய்க்கு ஓங்கரிக்கும். மஞ்சள் பிடித்த மீசை, ரோஜாச் சட்டியில் குத்தி அணைத்த துண்டுகள், காலையில் வாஷ்பேசினில் காறித் துப்பிவிட்டுத் தண்ணீர்கூட ஒழுங்காக ஊற்றாத கோழை. சீ! ஜீனா வயிற்றில் இருந்தபோது அவருடைய தலையணை உறையை மோந்தே வாந்தி எடுத்திருக்கிறாள். முப்பத்தொரு வருஷம் அவள் முதுகைக் காட்டித்தான் படுத்தாள்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டென்ட் வைத்தார்கள். "இனி பீடியைத் தொட்டால் என்னிடம் வரவேண்டாம், நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுங்கள்" என்றார் நாகர்கோவில்கார டாக்டர். அன்றிலிருந்து வீட்டில் புஷ்பபாயின் ஆட்சி. பீப் நின்றது, பப்படம் நின்றது, ஓட்ஸ் வந்தது. சாயங்காலம் சர்ச் வரைக்கும் நடை. கடையிலிருந்து வந்ததும், போலீஸ்காரன் முன்னால் குடிகாரன் நிற்பதுபோல நின்று, வாயைத் திறந்து ஊதிக் காட்ட வேண்டும். பத்து விரலையும் மோந்து பார்ப்பாள். வேதப் புத்தகத்தின்மேல் கைவைக்கச் சொல்லிச் சத்தியமும் வாங்கியாயிற்று. அவர் முணுமுணுக்காமல் கிராம்பைச் சவைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் அந்தக் கிராம்பு வாடையும் அவளுக்குக் குமட்ட ஆரம்பித்தது.

பகலில் போன் போட்டு அதட்டுவாள்: "வலி உண்டா?"

அந்த வீட்டில் வலி என்றால் பீடி வலிப்பதுதான். ரோட்டில் மலையாளம் பேசுகிறவர்களுக்கும் வலி அதுதான். உடம்பில் வருவதெல்லாம் நோவு. தலைநோவு, பல்நோவு, நெஞ்சுநோவு. "இல்லடி, வலி இல்ல" என்பார். அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

பின்பக்கத்திலிருந்து குப்பென்று அந்த நாற்றம் வந்தது. புஷ்பபாய் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். பாத்ரூம் மறைவில், சத்தியராஜின் அண்ணன் ராபின்சன் குத்தவைத்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"தூ! தம்பி செத்துக் கெடக்காரு. இப்பமும் ஒங்களுக்கு அது வேணுமா அத்தான்?"

"கை நடுங்குது பிள்ளே. ஒண்ணே ஒண்ணு."

"நீங்கதானே கடையில கொண்டுபோய்க் குடுத்தது? நேராட்டு சொல்லுங்கோ."

"கர்த்தராணை இல்ல. ஒரு நாளு நீட்டினேன். கையத் தட்டி விட்டுட்டான். 'அண்ணா, அவ மோந்து பாப்பா, எனக்குப் பயமாக்கும்'ண்ணு சொல்லிச் சிரிச்சான்."

சொல்லிவிட்டு ராபின்சன் அடிவயிற்றிலிருந்து இருமி, வாழை மூட்டில் துப்பினார். எச்சில் நூலாக இழுத்துக்கொண்டு தாடியில் தொங்கியது. புஷ்பபாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஒரு பீடிக்காரனுக்கு இன்னொரு பீடிக்காரன் சாட்சி சொல்ல வந்துவிட்டான் என்று நினைத்தபடி உள்ளே போனாள்.

இரண்டு மணிக்குப் பெட்டி வந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கையுறை. டயர்க் கறுப்பு ஏறிய அந்த விரல்களை யாரும் பார்க்க முடியாதபடி மூடியிருந்தார்கள். பக்கத்து வீட்டு விஜயம்மா அவளைக் கட்டிக்கொண்டு அலறினாள்.

"பீடி கொண்டுபோச்சே புஷ்பம்! நீ எத்தனை சொன்னே, கேட்டாரா?"

"சொன்னேனே, கேக்கல்லியே," என்றாள் புஷ்பபாயும். அப்படிச் சொல்வது சுகமாக இருந்தது. சுற்றி இருந்த பெண்களெல்லாம் தலையை ஆட்டினார்கள். குற்றம் முழுவதும் பெட்டிக்குள் கிடக்கிறவருடையது என்று எல்லோரும் சேர்ந்து முடிவுகட்டிவிட்டதுபோல இருந்தது.

அப்போதுதான் ரதீஷ் வந்தான். பஞ்சர் கடையை ஒட்டிச் சர்பத் கடை போட்டிருப்பவன். நேற்று அவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடியவனும் அவன்தான். பெட்டியைத் தொட்டு வணங்கிவிட்டு அவள் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"சேச்சி, யாரு என்ன சொன்னாலும் நம்பாதீங்க. அண்ணன் மூணு மாசமாட்டு பீடியத் தொடல்ல. நேத்து சேச்சி போன்ல கேட்டப்போ ஞான் பக்கத்துலதான் நின்னேன். 'இல்லடி, மூணு மாசமாட்டு வலியே இல்ல'ண்ணு நெஞ்சுல கைய வச்சுல்லா சொல்லிச்சு."

புஷ்பபாய் தன்னைக் கட்டிக்கொண்டிருந்த விஜயம்மாவின் கையை விலக்கினாள்.

நேற்று காலையில் ஸ்கூட்டரை எடுக்கும்போது அவர் இடது தோளைத் தடவிவிட்டுக்கொண்டார். அது அவள் கண்ணிலேயே நின்றது. செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் "வலி உண்டா, வலி உண்டா" என்று நெஞ்சைத் தட்டிக் கேட்டுக் கேட்டு அந்த வார்த்தை அவள் நாக்கிலும் ஒட்டியிருந்தது. மத்தியானம் போன் போட்டு அவள் கேட்டது பீடியை அல்ல. இந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் நோவைக் கேட்டாள். ஆனால் அதே வார்த்தை, அதே அதட்டல். அவரிடம் பேச அவளுக்கு வேறு குரல் ஏது? மூணு மாசமாட்டு வலியே இல்லை என்று அவர் சொன்னதும், நோவு இல்லை, நல்லது என்று போனை வைத்துவிட்டு மீன் கழுவப் போனாள்.

"நோவு ஒண்ணும் சொல்லல்லியா?" என்றாள்.

"சொல்லாம பின்னே? போன் வருதுக்கு முன்னாலேயே நல்லா வேர்த்துச்சு. ஞான் ஆட்டோ விளிக்கட்டாண்ணு கேட்டேன். 'வேண்டாம்டே, நெஞ்சு நோவுதுண்ணு வாயத் தொறந்தா, வலிச்சியாண்ணுதான் அவ முதல்ல கேப்பா. இது கேஸ் டிரபிளாக்கும், ஒரு சோடா தா'ண்ணு சொல்லிச்சு." ரதீஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாதி சோடா குடிச்சுது, சேச்சி."

அவளுக்கு ஓங்கரித்தது. இந்தத் தடவை பீடி நாற்றம் எங்குமே இல்லை. மூன்று மாதமாக ஒரு மனுஷனின் வாயையும் விரலையும் நாய் மாதிரி மோந்துகொண்டு திரிந்த தன் மூக்கைப் பிய்த்து எறிய வேண்டும்போல இருந்தது. சீ, நானும் ஒரு பெண்டாட்டியா! கையை வாயில் பொத்திக்கொண்டு இரண்டு தடவை விழுங்கினாள்.

"அவரு வலிக்கல்ல," என்றாள்.

"சரி மக்கா, இனி அத எதுக்குச் சொல்லணும்," என்று விஜயம்மா முதுகைத் தடவினாள்.

"வலிக்கல்லண்ணு சொல்லுதேன்!"

முற்றத்தில் சர்ச்சுக்காரர்கள் பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. யாரோ கட்டன்காப்பி கொண்டுவரச் சொன்னார்கள். அவள் பாவம், நேற்று முதல் ஒன்றும் சாப்பிடவில்லை என்று இன்னொருத்தி சொன்னாள். ஜீனா வந்து கையைப் பிடித்ததும் புஷ்பபாய் உதறிவிட்டாள். இவர்கள் ஒருத்தரும் நம்பப் போவதில்லை. அவளும்தான் கொஞ்சம் முன்பு வரைக்கும் நம்பவில்லை.

போதகர் ஜெபத்தை முடித்து, மறுபடி பாட்டைத் தொடங்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்காரர்கள் கடைசி முத்தம் கொடுக்கலாம் என்றார். ஜீனா நெற்றியில் கொடுத்தாள். ராபின்சன் அந்த வாயோடேயே குனிந்து கொடுத்துவிட்டுத் தேம்பிக்கொண்டு விலகினார். பிறகு எல்லோரும் புஷ்பபாய்க்கு வழிவிட்டார்கள்.

அவள் நெற்றிக்குப் போகவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் காதருகே குனிந்தாள்.

"இஞ்ச பாருங்கோ."

அதட்டலாகவே வந்தது. நிறுத்தினாள். ஜீனாவுக்கும் கேட்காத குரலில் மறுபடி கேட்டாள்.

"நெஞ்சு ரொம்ப நோவுதா?"

கேட்டுவிட்டு, தன் காதை அவர் வாயருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்த இரண்டு பேர் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்த போதகர், பாட்டின் கடைசி அடியை இன்னொரு தடவை பாடச் சொன்னார்.