நடுவில் ஒட்டிய ஸ்டிக்கர்

1

இந்தக் கதை ஒரு ஸ்டிக்கரில் தொடங்கியது. மன்னிக்கவும், அதைவிடப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

முதலில் இப்படி எழுதினேன்: ‘அவன் கடைக்குள் புயலென நுழைந்து’

அடித்துவிட்டேன். அவன் இல்லை, நான். நுழையவும் இல்லை. கடையில் கூட்டம் குறையட்டும் என்று எதிர்க்கடை மின்விசிறிகளை இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2

கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரே பெயரில் விற்கும் இந்த ப்ராசசர், கணினியின் மூளைச் சில்லு, இரண்டு திருத்தங்களில் (பதிப்புகள் என்று வையுங்கள்) வந்தது. ஓவர்கிளாக் செய்தால், அதாவது வேகத்தை முடுக்கினால், பழைய திருத்தம் கொதித்து நின்றுவிடும், புதியது தாங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மேல்தகட்டில் பொறித்த ஒரு வரிக் குறியீடு மட்டும் மாறும்.

போன வருடம் ஓவர்கிளாக் போட்டிக்கு நான் கொண்டுபோனது பழையது. நான்காவது நிமிடத்தில் திரை கறுத்தது. “என்னம்மா ஆச்சு?” என்றார் நடுவர். “ஒண்ணுமில்ல” என்றேன். (இதைவிட நல்ல பதில்கள் பதினொன்று பிறகு தோன்றின.)

நாளை மறுபடி போட்டி. பெயர் கொடுத்திருக்கிறேன்.

3

கடைக்காரர் ஒவ்வொரு ப்ராசசரையும் உள்ளே இருப்பது தெரியும் சின்ன பிளாஸ்டிக் டப்பியில் போட்டு, மூடியில் தன் உத்தரவாத ஸ்டிக்கரை ஒட்டி வைப்பார். சரியாக அந்தக் குறியீட்டின் மேல். உரிக்காமல் படிக்கவும் முடியாது, டப்பியைத் திறக்கவும் முடியாது.

“அண்ணே, இது புதுசா, பழசா?”

“எல்லாம் பழசுதாம்மா. ‘பழைய கம்ப்யூட்டர் பாகங்கள்’னு போர்டு இருக்கே, பாக்கலையா?”

“இல்லண்ணே, திருத்தம்... ஸ்டிக்கருக்கு அடியில இருக்கும்.”

“அப்ப வாங்கிட்டு உரிச்சுப் பாரு.”

“பழசா இருந்தா?”

“உரிச்சத எடுக்க மாட்டேன். உரிக்காம கொண்டா, ஏழு நாளைக்குள்ள மாத்தித் தரேன்.”

“உரிக்காம எதுக்குண்ணே மாத்தணும்?”

“அது எனக்கெப்படிம்மா தெரியும்?”

“ஸ்டிக்கர ஓரமா ஒட்டக் கூடாதா?”

“நடுவுல ஒட்டினாத்தான் லட்சணம்.”

(கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை. கதைக்காகக் கேட்க வைத்தேன். பதிலும் என் கற்பனையே; ஆனால் அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார்.)

அலமாரியில் இருந்தது மொத்தம் இரண்டு. இரண்டு வாங்க வசதியில்லை. ஒன்றை வாங்கினேன்.

4

இந்த வாரம் இரண்டு முறை மாற்றினேன். இரண்டாம் முறை, முதலில் வாங்கியதே திரும்பி வந்தது.*

* நிகழ்தகவில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். மூடிய ஒன்றைக் கொடுத்து மூடிய இன்னொன்றை வாங்கினால் எதுவும் மாறாது என்று தெரியும்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஏன்டி, அத அடைகாக்கிறியா?”

“யோசிக்கிறேன்.”

“நகத்த வச்சு ஒரு இழு. நீ இழுக்கிறியா, நான் இழுக்கட்டுமா?”

“இரு, கதைய முடிச்சுக்கிறேன்.”

“கதையா? நாளைக்குப் போட்டிடி!”

5

முதல் முடிவு: புதிய திருத்தம். ஜெயிக்கிறேன். நடுவர் கேட்பதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொல்கிறேன். (ஜெயிப்பதை நம்பலாம். பதில் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள்.)

இரண்டாவது முடிவு: பழையது. நான்காவது நிமிடம், திரை

இதை எழுதி முடிக்க முடியவில்லை.

6

இன்று ஏழாவது நாள். கடை மூட அரைமணி நேரம் இருக்கிறது. டப்பி மேசையில், இந்தத் தாளின் மேல் இருக்கிறது.

முடிவை, டப்பியைப் போலவே மூடியபடி, உங்களிடம் தருகிறேன். கடைக்காரரின் நிபந்தனைதான் எனக்கும்: உரித்ததைத் திருப்பி எடுக்க மாட்டேன்.

ஸ்டிக்கரின் இடது ஓரம் கொஞ்சம் கிளம்பியிருக்கும். அது அக்காவின் வேலை இல்லை.