மூன்றாவது பட்டன்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் வடக்குப்பட்டுக்குப் போனது கதைக்காக அல்ல, கிண்டலுக்காக. ஒரகடத்துக் கம்பெனி ஒன்றுக்குத் திடீரென்று சமூகப் பொறுப்பு பொங்கி, பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்கு ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்றொரு பாடத்தைப் பரிசளித்திருந்தது. ஆண்டு முடிவில் கண்காட்சி. பேனரில் கம்பெனி மேலாளர் பெரிதாகச் சிரிக்க, குழந்தைகள் அவர் காலடியில் பொடிப்பொடியாக நின்றார்கள். ஒரு பக்கம் தேறும் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தேறியது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

2.

தொடக்கம் ஒன்று: ‘படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறிய கிரேசி டீச்சரின் மடியில் பழைய அட்டைப்பெட்டிகள்…’ (டீச்சர் என்றாலே மடியில் எதையாவது ஏற்றிவிடும் புத்தி. வேண்டாம்.)

தொடக்கம் இரண்டு: ‘பாபுவின் வலது கையில்’

[இது இதற்குமேல் நகரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.]

தொடக்கம் மூன்று, நான்காம் வகுப்பில். கம்பெனி கொடுத்த கையேட்டைப் பார்த்து கிரேசி சொல்லிக்கொண்டிருந்தாள்: “வூட்ல யாருக்கு இன்னா கஷ்டம்னு பாருங்க. நீங்களா முடிவு பண்ணக் கூடாது. அத யூஸ் பண்ணப் போறவங்களப் போய்க் கேளுங்க. கேட்டாதான் டிசைன்.”

“எங்கம்மா நான்தான் கஷ்டம்னு சொல்லுது டீச்சர்,” என்றான் லோகேஷ். “அதுக்கு இன்னா செய்யறது?”

வகுப்பு சிரித்தது. கிரேசியும் சிரித்தாள். அந்தப் பாடம் அவளுக்குப் பிடித்திருந்தது. மனப்பாடம் செய்யத் தேவையில்லாத ஒன்றை அவள் சொல்லிக்கொடுப்பது அதுதான் முதல் தடவை.

3.

சில நாள் கழித்து அந்த வகுப்பில் படிக்கும் சுபஸ்ரீ ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள். வெளியே இரண்டு பக்கமும் பட்டன் போல ஒவ்வொரு பாட்டில் மூடி, உள்ளே நூலில் தொங்கும் தடித்த அட்டை. அந்த அட்டைக்கு நேர் கீழே இன்னொரு மூடி.

“இது இன்னாடி?”

“பிரஸ் மெஷினு டீச்சர், தகட அமுக்கி வளைக்கறது. அப்பா ஓட்டுச்சே, அது. அப்பாவ இன்னா வேணும்னு கேட்டேன். ஒண்ணும் வேணாம், போய்ப் படின்னுச்சி. திரும்பத் திரும்பக் கேட்டேன். அப்பறம்தான் மெஷினப் பத்தி சொல்லுச்சி.”

சுபஸ்ரீயின் அப்பா பாபுவுக்கு நடந்த விபத்து கிரேசிக்குத் தெரியும். எப்படி நடந்தது என்று யாரும் கேட்டதில்லை, அவளும்தான்.

“ரெண்டு பட்டனயும் ஒண்ணா அமுக்கினாதான் எறங்கும் டீச்சர். கைக்கு ஒண்ணு. அப்ப கை உள்ள இருக்காதுல்ல. ஆனா ஒரு பட்டன் மேல டேப்பு ஒட்டிடுவாங்க. ஒரு கையால தகடு வெச்சிகினே இன்னொரு கையால அமுக்கலாம். வேகமா ஆவும். சூப்பர்வைசரு ஒட்டச் சொல்வாராம்.”

“உள்ள இருக்கறது?”

“அது அவருக்கு. மூணும் அமுக்கினாதான் ஓடும். அவரு கையும் உள்ள இருந்தா டேப்பு ஒட்டச் சொல்ல மாட்டாருல்ல.”

கிரேசி அந்தப் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். கண்காட்சிக்கு வரப்போகிறவர் பாடத்தைக் கொடுத்த கம்பெனியின் மேலாளர்தான் என்பதும் அது பாபு வேலை செய்யும் கம்பெனிதான் என்பதும் அவளுக்கு அப்போதுதான் ஒன்றாக உறைத்தது.

4.

கிரேசிமேல் எனக்குச் சந்தேகம் உண்டு. முந்தைய பிரதியில் அவளைத் தலைமையாசிரியர் அமிர்தநாதனோடு சண்டை போட வைத்தேன். வசனமெல்லாம் கைதட்டல் வாங்கும். ஆனால் அந்தப் பிரதியில் பாபுவுக்கு இடமே இல்லாமல் போயிற்று. இதில் அவன் பள்ளி வாசலில் நிற்கிறான், வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள்.

“டீச்சர், பாப்பா செஞ்சத மெஷினுன்னு சொல்ல வேணாம். விரல் போனப்பறம் என்ன கேட்ல ஒக்கார வெச்சிருக்காங்க, வர்ற வண்டிக்கு பாஸ் குடுக்க. அதுவும் போச்சுன்னா இந்தக் கைய வெச்சிகினு எங்க போவேன்?”

“எடுத்துடட்டுமா பாபு?”

“எடுக்காதீங்க. ராத்திரில்லாம் ஒக்காந்து ஒட்டிச்சி. வேற பேர் எதுனா சொல்லுங்க.”

அன்று மதியம் கிரேசி சுபஸ்ரீயைத் தனியே கூப்பிட்டாள். “இத ஜூஸ் மெஷினுன்னு சொல்லிடலாம்டா. அப்பா சொல்லச் சொன்னாரு.”

சுபஸ்ரீ யோசித்தாள். “ஜூஸ் மெஷினுக்கு நாம யாரயும் கேக்கலியே டீச்சர்.”

[இங்கே கிரேசிக்கு ஒரு பதில் எழுதினேன். அடித்துவிட்டேன்.]

5.

கண்காட்சி. மேலாளர் பேசினார்.* பிறகு மேசை மேசையாக வந்தார். போட்டோக்காரர் பின்னாலேயே வந்தார்.

“இது என்னம்மா?”

“ஜூஸ் மெஷினு சார்,” என்றாள் சுபஸ்ரீ, தரையைப் பார்த்துக்கொண்டு.

“வெரி குட். மூணு பட்டன் எதுக்கு?”

“மூணும் ஒண்ணா அமுக்கணும் சார்.”

“அப்ப நான் உள்ள அமுக்கறேன், நீ வெளிய அமுக்கு,” என்று அவர் சிரித்துக்கொண்டே விரலை உள்ளே விட்டார். நல்ல படம் என்று போட்டோக்காரர் குனிந்தார்.

சுபஸ்ரீயின் கைகள் இரண்டு மூடிகள்மேலும் இருந்தன. அவள் அமுக்கவில்லை.

“அமுக்கும்மா,” என்றார் மேலாளர். “சார் சொல்றாருல்ல, அமுக்கு,” என்றார் அமிர்தநாதன். கிரேசி மேசைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தாள்.

என் பக்கத்து நாற்காலியில் பாபு. அவன் கை பாக்கெட்டிலிருந்து எப்போது வெளியே வந்தது என்று நான் கவனிக்கவில்லை. “கைய எடுங்க சார்,” என்றான், எனக்கு மட்டும் கேட்கும் குரலில்.

* ‘புதுமை’ என்று அவர் சொல்வதை எல்லாம் குறித்துக்கொண்டு வந்தேன். அந்தத் தாளையும் கிழித்துவிட்டேன்.

6.

முடிவு ஒன்று: அவள் அமுக்குகிறாள். அட்டை தொப்பென்று விழுகிறது, மேலாளர் பொய்யாக ‘ஆ’ என்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். பாபு மறுநாள் கேட்டில் பாஸ் கொடுக்கிறான்.

முடிவு இரண்டு: கிரேசி இது என்ன மெஷின் என்று சொல்லிவிடுகிறாள். நீங்கள் கைதட்டுகிறீர்கள். மறுநாள் கேட்டில் வேறொருவன்.

முடிவு மூன்று: ‘சுபஸ்ரீ கையை எடுத்துவிட்டு’

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. அங்கே அத்தனை பேர் அந்தக் குழந்தையை அமுக்கு அமுக்கு என்றார்கள்; இன்னொரு ஆளாக நானும் சேர வேண்டாம்.

வெறும் அட்டைதான். யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் அவள் அப்பாவிடம் கேட்டு வைத்திருக்கிறாள்: உள்ளே கை இருக்கும்போது அமுக்கக் கூடாது.

விரல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அவள் கைகளை இந்தக் கதையில் நான் எடுத்துவிட்டேன். இரண்டு மூடிகளும் இப்போது உங்கள் பக்கம்.