தொடுவதற்கென்று ஒரு கல்

"கையைப் பின்னால கட்டிக்குங்க. சுவரைத் தொடாதீங்க."

பழைய குகையின் வாசலில் நின்று காவலர் அன்றைய முதல் கூட்டத்துக்குச் சொன்னார். சொல்லும்போதே தம் கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக் காட்டினார். மனைவியை அடக்கம் செய்துவிட்டு வேலைக்குத் திரும்பிய முதல் நாள். குரலில் ஒரு பிசிறும் இல்லை. அது அவருக்கே ஏதோபோல் இருந்தது.

உள்ளே சுவரில் ஒரு பெண்ணின் சிற்பம். எத்தனையோ நூற்றாண்டுகள் தாங்கிய முகம், ஆசையாகத் தடவியவர்களின் விரல் வியர்வையில் மழுங்கி, மூக்கெது கன்னமெது என்று தெரியாமல் போயிருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் தொடவில்லை, அதுதான் கொடுமை. கை சொன்னால் கேட்கிறதா என்ன? அதனால் அதே பாறையில் ஒரு துண்டை வாசல் நிழலில் நட்டு, இதை எவ்வளவு வேண்டுமானாலும் தொடுங்கள் என்று எழுதி வைத்தார்கள். இப்போது அதுவும் நடுவில் குழியத் தொடங்கிவிட்டது.

"ஊரார் கையைத் தடுத்துத் தடுத்து, உங்க கையே நீள மாட்டேங்குது" என்று மனைவி கேலி செய்வாள்.

ஆஸ்பத்திரியில் அவள் முகத்தை மூடும் முன் நர்ஸ், "கடைசியா ஒரு தடவை தொட்டுக்குங்க சார்" என்றாள். அவர் கட்டிய கை கட்டியபடியே நின்றார். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பின் அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று மத்தியானம் அவர் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவோடு அந்த மகளே குகை வாசலுக்கு வந்தாள். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை.

"அன்னிக்கு ஏம்ப்பா அம்மாவத் தொடல?"

"தெரியலம்மா. கை வரல."

"தொட்டா தேஞ்சிடுவாங்கன்னு நெனச்சீங்களா?"

அழுகை வந்தால் தேவலை என்றிருந்தது, அதுவும் வரவில்லை. மகள் எங்கேயோ பார்த்தபடி அந்தக் கல்லின் குழியில் உள்ளங்கையை வைத்தாள்.

"சூடா இருக்கு" என்றாள்.

"வர்றவங்க எல்லாரும் தொட்டுட்டுப் போறாங்கல்ல."

முதுகுக்குப் பின்னால் பின்னியிருந்த அவர் விரல்கள் பிரிய நேரம் எடுத்தன. மெதுவாக ஒரு கையை முன்னால் கொண்டுவந்து, அவள் கைக்குப் பக்கத்தில் கல்லின்மேல் வைத்தார். அடுத்த கூட்டம் படியேறி வந்துகொண்டிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.