தடம் விழாத வரிசை

1932-ஆம் வருடம் ஜூலை பதினான்காம் தேதி மாலையிலிருந்து, பிரெஞ்சுப் புதுச்சேரியில் இருந்த பாகூர் சேரியைச் சேர்ந்த அமிர்தத்தின் கால்கள் சேற்றில் பதியவில்லை. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. அன்று பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள் என்பதால் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். அமிர்தம் முதலில் ஓடி வந்தாள். மற்றப் பந்தயங்களில் ஜெயித்த பிள்ளைகளுக்கெல்லாம் மூவர்ண நாடாவைச் சட்டையில் குத்திவிட்ட வாத்தியார், இவள் முறை வந்ததும் அதைத் தரையில் போட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். தொட்டால் தீட்டாம். கூட்டத்தில் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள். திரும்பும்போது ஏரிக்கரை மழையில் ஊறிக் கிடந்தது. வழியில் போன மாட்டின் குளம்பு பதிந்தது, தங்கையின் கால் பதிந்தது, அமிர்தம் நடந்த இடம் மட்டும் மெழுகிய தரைபோல இருந்தது.

“இன்னாடி, கால் எங்க?” என்றாள் கூட வந்த அம்மா தையலம்மாள்.

“இங்கதாம்மா கீது.”

பாதிரியார் மந்திரித்த தண்ணீர் தெளித்தார். வில்லியனூர் மந்திரவாதி வந்து ஒரு சேவலை வாங்கிக்கொண்டு போனார். தலையில் கல் கூடையை ஏற்றி நிறுத்தியும் பார்த்தார்கள். கழுத்து வலித்ததே தவிர சேறு அமுங்கவில்லை. ஒரே ஒரு தடம் விழுந்துவிட்டால் போதும், பெண் பிழைத்துக்கொள்வாள் என்று தையலம்மாள் தினமும் காலையில் வாசலில் தண்ணீர் ஊற்றிக் குழப்பி மிதிக்கச் சொல்வாள். அமிர்தம் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். ஏன் வரவில்லை என்று கேட்டு ஒருவரும் வரவில்லை.

புரட்டாசியில் அவளை நடவுக்கு அழைத்துப் போனார்கள். நடவுக்காரிகள் பின்பக்கமாக நகர்ந்துகொண்டே நடுவார்கள். கால் எடுத்த பள்ளத்தில் நட்ட நாற்று மிதந்துவிடும் என்பதால், பள்ளத்தைக் கையால் மூடிவிட்டுத்தான் நட வேண்டும். அமிர்தத்தின் வரிசையில் மூடுவதற்குப் பள்ளமே இல்லை. பண்ணைக்காரர் அரங்கநாதன் குடையோடு வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

“இந்தக் குட்டி வரிசையில ஒரு நாத்துகூட மெதக்கல,” என்றார் கங்காணியிடம். “நாளிக்கும் இவள வரச் சொல்லு.”

பிறந்ததிலிருந்து அவளைப் பார்த்து ஒருவர் நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலம் அதை வீட்டில் திரும்பத் திரும்பச் சொன்னாள். தையலம்மாள் கொல்லைப்பக்கம் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் அவள் வாசலில் தண்ணீர் ஊற்றவில்லை.

அடுத்த சில வருடங்களில் சேரியில் வயதுக்கு வந்த பெண்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகத் தடம் நின்றுபோனது. நெல் விலை இறங்கி, வேலை அரிதாகிக் கிடந்த காலம். தடம் விழுகிற பெண்ணைப் பண்ணையில் கூப்பிடுவதில்லை. 1938-இல் ரோசம்மாள் ஒருத்திதான் பாக்கி. துடுக்கான பெண், நிமிர்ந்து நடப்பாள், குதிகால் ஆழப் புதையும். வரப்பில் இருந்தவர்கள் சிரிக்கச் சிரிக்க, தன் தடத்தைத் தானே கையால் அழித்து அழித்து அவளுக்கு நகக்கண்கள் வெடித்துவிட்டன. ஒருநாள் அமிர்தத்திடம் வந்து அழுதாள்.

“எனக்கு மட்டும் ஏங்க்கா வரல? இன்னா செஞ்ச நீ?”

அமிர்தம் நாற்றுமுடியைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். “ஒண்ணும் செய்ய வாணாம்டி. நம்மளப் பத்தி அவங்க சொல்றத நம்பிடு, போதும்.”

தை பிறப்பதற்குள் ரோசம்மாளுக்கும் தடம் நின்றுவிட்டது. அவள் அம்மா பொங்கலுக்குக் கொஞ்சம் கூடுதலாக வெல்லம் போட்டாள். அந்த வருடம் பாகூரில் நல்ல விளைச்சல்.