ஒன்பது வருடம் முந்தி

லிஃப்ட் மெக்கானிக்கைத் தெருவில் எல்லோரும் 'தவணை' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக இல்லை, முதுகுக்குப் பின்னால். அது அவருக்குத் தெரியும். தெரிந்து உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டார் என்பதுதான் வேடிக்கை. செருப்பு அறுந்தாலும் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் வந்தாலும் "முதல்ல தவணை முடியட்டும்" என்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

வீடு பெரிய மாளிகை இல்லை. இரண்டு அறை, ஒரு கூடம், சமையலறை, நடுவில் குளியலறைக்குப் போகும் ஒரு நடை. அதற்கு இருபது வருடக் கடன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று, மொத்த வட்டி எவ்வளவு என்று உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். கிட்டத்தட்ட இன்னொரு வீட்டு விலை வந்தது. தனக்கு ஒரு வீடு வாங்கிக்கொண்டு வங்கிக்காரனுக்கும் ஒரு வீடு வாங்கித் தருவதாக மனைவியிடம் புலம்பினார். இருபதைப் பத்தாக்கிக் காட்டுகிறேன் என்று அன்றைக்கே சபதம் போட்டார். பத்து, பதினொன்று ஆயிற்று. அதற்குக் காரணம் ஃபிரிட்ஜ் என்பார்.

ஃபிரிட்ஜ் கதை இதுதான். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அதைத் தினமும் நான்கு மணி நேரம் அணைத்து வைத்தார். மூன்றாம் வருடம் அது மொத்தமாகவே அணைந்துபோனது. புதிது வாங்கிய செலவில் மூன்று வருட மிச்சமும், அதற்கு மேலும் போனது. லிஃப்டையே ஏற்றி இறக்குகிறவருக்கு ஒரு ஃபிரிட்ஜை வைத்துக் காப்பாற்றத் தெரியவில்லையே என்று மனைவி கேட்டதை அவரே பத்து பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்களே, அவர் அதோடு நின்றவர் இல்லை. பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டிப் பிளந்து வழித்தார். தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஈரத்தோடு அழுத்தி ஐந்து நிறத்தில் ஒரு சோப்பு செய்தார். அதில் நுரை மட்டும் வராது. முடிவெட்டுவது மனைவியின் பொறுப்பு. அவள் தையல்காரி, கையில் இருப்பதும் துணி வெட்டுகிற கத்தரி, ஆகவே பிடரியில் சட்டைக்குக் காலர் வெட்டியதுபோல் ஒரு நேர்கோடு விழும். வேலையிடத்தில் யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்பார். பதினொரு வருடமாக எந்த மருந்துக்கும் கேட்காத வயிறு அது.

வருமானப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகளின் ஷட்டர்களுக்கு எண்ணெய் போட்டு, ஸ்பிரிங் மாற்றிக் கொடுத்தார். மற்ற நாள் சாயங்காலங்களில் மிக்ஸியும் மின்விசிறியும் பழுது பார்த்தார். மனைவி ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துச் சம்பாதித்ததும் வங்கியின் வயிற்றுக்குள்தான் போயிற்று.

இதெல்லாம் சில்லறை. பெரிய வருமானம் ஜன்னல் வைத்த சின்ன அறையிலிருந்து வந்தது. அது மகளின் அறை.

வீட்டுக்கு வந்த இரண்டாம் வருடம். மகளுக்குப் பன்னிரண்டு வயது. மருந்துக்கடைக்காரர் ஒருவர் தங்க இடம் தேடுகிறார் என்று காலையில் கேள்விப்பட்டார். மத்தியானம் பேசி முடித்தார். சாயங்காலம் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவளுடைய கட்டில் நடையில், பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. இரண்டே வருடம் பொறுத்துக்கொள் என்றார். அவள் பையை இறக்கிவைத்துவிட்டுக் கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழவில்லை. அழாத பிள்ளை சமர்த்துப் பிள்ளை என்று அவர் முடிவு கட்டினார். அந்தப் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றும் அவருக்கு.

நடை வழியாகத்தான் எல்லோரும் குளியலறைக்குப் போக வேண்டும். விடிந்ததும் மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு கட்டிலைத் தாண்டிப் போவார். அவள் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொள்வாள். அவருக்குப் பிறகு நிலம் அளக்கும் சர்வேயர் வந்தார். செருமல்தான் மாறியது, போர்வை மாறவில்லை. பீரோவுக்குப் பின்னாலேயே அவளுக்குப் பள்ளிப் படிப்பு முடிந்தது, ரத்தப் பரிசோதனைப் படிப்பும் முடிந்தது, ஒரு லேபில் வேலையும் கிடைத்தது. இரண்டு வருடம் ஒன்பது வருடமாகியிருந்தது.

கடைசித் தொகையைக் கட்டுவதற்கு அரைநாள் விடுப்புப் போட்டார். முழுநாள் போட்டால் சம்பளம் போகும். வங்கியில் மேனேஜர் எழுந்து வந்து கை குலுக்குவார் என்று எதிர்பார்த்துத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தார். எப்படி ஒன்பது வருடம் முந்தி முடித்தீர்கள் என்று கேட்டால் சொல்ல ஒரு பேச்சும் தயாராக இருந்தது. கவுன்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமல், முன்கூட்டி முடித்தால் அதற்கும் கட்டணம் உண்டு என்றாள். அரைமணி நேரம் வாதாடினார். தோற்றார். கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பத்திரத்தோடு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

மனைவி பத்திரத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சர்வேயருக்கு மாற்றல் வந்திருந்தது, ஒன்றாம் தேதி காலி செய்கிறார். அந்த அறையை இனிமேல் பெண்ணிடம் கொடுத்துவிடலாம் என்றாள் மனைவி. கொடுக்காமல் பின்னே என்றார் அவர். மனதாரத்தான் சொன்னார்.

ஆனால் ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? ஒன்றாம் தேதி அறையைக் கழுவிவிடும்போது கூரை மூலையில் ஈரம் தெரிந்தது. மொட்டைமாடிக்குப் பூச்சு போட வேண்டும். அதற்கு எவ்வளவு ஆகும் என்று கை தன்பாட்டில் கணக்குப் போட்டது. சரியாக ஒரு வருட வாடகை. ஒன்பது வருடம் பொறுத்தவளுக்கு இன்னும் ஒரு வருடம் பெரிய விஷயமா? மத்தியானத்துக்குள் வாசல் கேட்டில் 'அறை வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. மனைவி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தையல் மிஷின் வேகமாக ஓடியது.

சாயங்காலம் மகள் வந்தாள். இரண்டே வார்த்தை உள்ள அட்டையை வெகு நேரம் படித்துவிட்டு உள்ளே வந்து, அறை கேட்டு வருகிறவர்களை அவர் உட்கார வைக்கும் நாற்காலியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவளுடைய முதல் சம்பளம்.

"ரூம் கேட்டு வந்திருக்கேன்" என்றாள்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் சொல்லாமலே நிபந்தனைகளை வரிசையாக ஒப்பித்தாள். வெந்நீர் பத்து நிமிடம். விருந்தாளி தங்கக் கூடாது. வாடகை ஐந்தாம் தேதிக்குள். காலி செய்வதானால் இரண்டு பக்கமும் ஒரு மாத நோட்டீஸ். பீரோவுக்குப் பின்னால் இருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்தது. பிறகு, லேபுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்திருப்பதாகச் சொன்னாள். இதே வாடகைதானாம். நாளைக்குக் காலைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். இங்கே கிடைத்தால் இங்கேயே இருப்பாள், கிடைக்காவிட்டால் அங்கே போய்விடுவாள்.

அவர் அட்டையைக் கழற்றுவதற்காக எழுந்தே விட்டார்.

"அது உன் ரூம்மா. உங்கிட்டப் போய் நான் வாடகை வாங்குவேனா?"

"வேண்டாம்பா. சும்மா குடுத்தீங்கன்னா எனக்குப் பயமா இருக்கும்."

"என்ன பயம்?"

"மகளா இருந்தப்ப ஒரே சாயங்காலத்துல காலி பண்ண வெச்சீங்க. வாடகை குடுக்கறவங்களுக்குத்தானே நீங்க ஒரு மாசம் டைம் தர்றீங்க."

யாருக்கோ ரத்தப் பிரிவு சொல்வதுபோல நிதானமாகத்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எதையாவது பேசிச் சமாளித்திருப்பார். தையல் மிஷின் நின்றுபோயிருந்தது. இத்தனை வருடமும் இவளுக்காகத்தான் வீட்டை மீட்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இவளிடமிருந்து எடுத்துத்தான் மீட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

போய் ரசீதுப் புத்தகத்தை எடுத்து வந்தார். தேதி போட்டார், தொகை போட்டார். எத்தனை மாதத்துக்கு என்ற இடத்தில் பேனா நின்றது.

"அதைக் காலியா விடுங்க. அதை நான்தான் சொல்லணும்" என்றாள் மகள்.

கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தார். அவள் ஒரு தடவை படித்துப் பார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, அவளைச் சாப்பிடக் கூப்பிடச் சொன்னாள் மனைவி. அவர் போய்க் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து பதில் வரும்வரை வெளியிலேயே நின்றார்.