மழைக்காலையில் மக்கர் செய்த கார்

எங்கள் காரை அன்று சாயங்காலம் விற்றிருக்க வேண்டியது. பழைய வண்டி வாங்குகிறவர் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நாற்பது வருடம் பஸ் ஓட்டிய என் வீட்டுக்காரரே, "இது இனிமே தேறாது" என்று கைகழுவிவிட்டார். புது பேட்டரி போட்டாயிற்று, இரண்டு மெக்கானிக் பார்த்தாயிற்று. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. மத்தியானம் போய்த் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும்.

அந்தக் காரை நம்பித்தான் என் மருமகள் தொழில் செய்தாள். வீட்டில் தைத்த பள்ளிக்கூட யூனிஃபார்ம்களை மூட்டை மூட்டையாக அதில்தான் ஏற்றிப் போவாள். அன்று காலையும் மழை விட்ட கையோடு வண்டி மக்கர் செய்தது.

"மாமா, நாலு மணி வரைக்கும் இத என்கிட்ட விடுங்க" என்றாள்.

"ரெண்டு மெக்கானிக்குக்குப் பிடிபடாதது உனக்குப் பிடிபடப்போகுதா?"

"அவங்ககிட்ட மத்தியானம்தானே கொண்டு போனோம்? அப்ப அது நல்ல பிள்ளையா இருந்துச்சு. மழை பெஞ்ச காலையிலதான் படுத்துக்குது."

அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். வண்டி கிளம்பாத பதினொரு நாளும் எழுதியிருந்தாள். பதினொன்றும் மழை நாள். அவர் அன்றைய பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"அத்தை, சாவியத் திருப்ப ஆள் வேணும். உக்காருங்க."

டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வயரோடு சேர்த்து எஞ்சின் மேல் சாய்த்து வைத்தாள். நான் திருப்பினேன். மஞ்சளாக ஒரு பொறி வந்தும் வராமலும் மினுங்கியது. அடுத்து, பொறிக்கான மின்சாரத்தைக் கிளப்பிவிடும் காயிலிலிருந்து வரும் தடித்த வயரை அதேபோல் சோதித்தாள். நீலப் பொறி சடசடத்தது.

"கிளம்புற இடத்துல குறையில்ல அத்தை. பிரிச்சுக் குடுக்கிற இடத்துலதான் எங்கயோ கசியுது."

பிரித்துக் கொடுப்பது ஒரு கறுப்பு மூடி. அதிலிருந்து நாலு பிளக்குக்கும் நாலு வயர் போகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூலைக் கட்டிவிட்டு மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல், அதில் ஈரம்.

"ஈரம் பட்டா கரண்ட் இது வழியா ஓடிடுது. காஞ்சா சரியாயிடுது."

சைக்கிளில் போய்ப் புது மூடி வாங்கிவந்து மாட்டினாள். நான் திருப்பினேன். எஞ்சின் குலுங்கி, சைலன்சர் வெடிபோல் ஒரு சத்தம் போட்டது. அவர் ஓடி வந்தார்.

"போதும்மா. உள்ளதையும் கெடுத்துடாத."

அவள் பழைய மூடியைப் புதியதன் பக்கத்தில் வைத்து நிதானமாக ஒப்பிட்டாள்.

"எல்லா வயரும் ஒரு ஓட்டை தள்ளிப் போயிருக்கு மாமா. சட்டைப் பொத்தான ஒண்ணு தள்ளிப் போட்ட மாதிரி."

நாலையும் பிடுங்கி மாற்றிச் செருகினாள். இந்தத் தடவை சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அவர் அணைக்கச் சொன்னார். அவள் இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை எடுத்துவந்து, மூடி நனைய நனையத் தெளித்தார்.

"இப்பத் திருப்பு."

வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. அவர் மருமகளைப் பார்த்த பார்வையை, வேலைக்குப் போயிருந்த என் மகன் கூட இருந்து பார்த்திருக்க வேண்டும்.

நாலு மணிக்கு வண்டி வாங்குகிறவர் வந்தார். என் வீட்டுக்காரர் அவரைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்.

"வண்டி விக்கல."

"ஓடாதுன்னீங்களே. எந்த ஒர்க்ஷாப்ல சரி பண்ணீங்க?"

"ஒர்க்ஷாப் என்ன ஒர்க்ஷாப்? என் மருமக பண்ணினா. நாப்பது வருஷம் ஸ்டியரிங் பிடிச்சவன் நான், எனக்கே தெரியல."

"சாவி திருப்பினது நான்" என்றேன். விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அவள் இதையெல்லாம் காதில் வாங்காமல் பின்சீட்டில் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் ஐந்து மணிவரைதான் திறந்திருக்கும்.